சமபங்கு நீதியாகுமா?

வெள்ளத்துக்கு வேற்றுமை தெரியாது என்று சொல்லுவது நம்மிடையே வழக்கம். மாடமாளிகையையும் மண்குடிசையையும் அது ஒன்றாகவே மூழ்கடிக்கிறது. சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. ஆகவே இயற்கையின் முன்னிலையில் மனிதர் யாவரும் சமம் என்று மேடைகளிலே பேசுகிறோம். மாணவரின் கட்டுரைக் கொப்பிகளிலும் எழுதுவிக்கிறோம். கேட்பதற்கு இனிய இக்கூற்று உண்மைக்குப் புறம்பானது. மேட்டுநிலம் எவருக்கு, பள்ளநிலம் எவருக்கு என்பதை இயற்கை வகுக்கவில்லை. ஆற்றோரத்திலும் குளத்தின் அலைகரையிலும் குடியிருப்போர் விரும்பியா அங்கு குடியேறினர்? வெள்ளம் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே சமுதாயம் அதற்கு வாய்க்கால் வெட்டி வைத்துவிடுகிறது.

இவ்வளவும் இவ்விதழை வாசிப்போர் நன்கறிந்தவையே. ஆனால் இவ்வுண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளம் மட்டுமன்று, வெள்ளத்தின் பின் நாம் செய்யும் உதவியும் மனிதரிடையே வேற்றுமை செய்கிறது. அவ்வேற்றுமை பெரும்பாலும் தீய எண்ணத்தினால் விளைவதன்று. எவருக்கும் வேற்றுமை காட்டலாகாது என்ற நல்லெண்ணத்திலிருந்தே விளைகிறது. அனைவருக்கும் ஒரே அளவாகக் கொடுத்துவிட்டால் நீதி செய்தவராவோமா என்ற கேள்வியை, அங்கவீனமுற்றோரின் நிலையை முன்வைத்து ஈண்டு ஆராய விரும்புகிறோம். இக்கேள்வி நூல்களிலிருந்து நமக்கு எழுந்ததன்று. நமது கையாலேயே நாம் இழைத்த ஒரு தவற்றிலிருந்து எழுந்தது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வங்காள விரிகுடாவில் தோன்றிய தாழமுக்கம் கிழக்கு மாகாணத்தையும் வடக்கையும் வெள்ளக்காடாக்கியதை வாசகர் மறந்திரார். நடந்துகொண்டிருந்த க. பொ. த. உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள பாடசாலை ஒன்று இடைத்தங்கல் முகாமாயிற்று. ஆசிரியர் சிலரும் பரீட்சை நின்றுபோன மாணவர் சிலருமாக அம்முகாமின் அலுவல்களை நாம் பொறுப்பேற்றோம்.

முகாமிலே முறைகேடு நிகழலாகாது என்பதே நமது முதற் கவலையாயிருந்தது. செல்வாக்குடையோர் இருமுறை பெற்றதையும், கேட்பாரற்றோர் வெறுங்கையுடன் திரும்பியதையும் முன்னைய அனர்த்தங்களில் நாம் கண்டிருக்கிறோம். எனவே சில விதிகளை வகுத்தோம். குடும்பத்தலைவர் தாமே வரிசையில் வந்து ஒப்பமிட்டு உலருணவுப் பொதியைப் பெறல் வேண்டும். குடும்பமொன்றுக்குப் பொதி ஒன்று. தோணியில் ஆட்களுக்கு மட்டுமே இடம், பொருள்களுக்கு இடமில்லை. அறிவித்தல்கள் யாவும் ஒலிபெருக்கி மூலம் அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்யப்படும். இவ்விதிகளில் எவரும் குற்றங்காண முடியாதென்றே நாம் நம்பினோம். வரிசை ஒழுங்காக நகர்வதைக் கண்டு உள்ளூரப் பெருமையும் கொண்டோம்.

மூன்றாம் நாட் காலையில் மாடி வகுப்பறையில் தங்கியிருந்த ஒரு பெண்மணி மயங்கி விழுந்தார். போர்க்காலத்தில் எறிகணை வீச்சில் ஒரு காலை இழந்தவர் அவர். தையல் இயந்திரமொன்றைக் கொண்டு சீவனம் நடத்துபவர். தோணியில் ஏற்றிய அவசரத்தில் அவரது ஊன்றுகோல்கள் நீரோடு போயின. மலசலகூடம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது; இடையிலே முழங்காலளவு நீர். இரண்டு நாள்களாக அவர் தண்ணீர் அருந்தவில்லை. அருந்தினால் கீழே இறங்கிச் செல்ல வேண்டும். செல்வதாயின் யாரேனும் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்குவதற்கு ஆயத்தமாக நின்றவர்களோ யாவரும் ஆடவர். இதனை அவர் எவரிடமும் கூறவில்லை. அவருடைய பெறாமகளான சிறுமி அழுதுகொண்டு சொன்ன பின்னரே நாம் அறிந்தோம்.

இதே முகாமில் செவிப்புலனற்ற மீனவர் ஒருவர் இருந்தார். வைத்தியக் குழு வந்ததாக நாம் மூன்று தடவை ஒலிபெருக்கியில் அறிவித்தோம். அக்குழு திரும்பிச் சென்ற பின்னரே, காலிற் புண்ணோடு அவர் வரிசையைத் தேடி வந்தார். முதுகெலும்பு பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரைத் தோணியில் தூக்கி ஏற்றியவர்கள் அவருடைய சக்கர நாற்காலியை வீட்டுத் திண்ணையிலேயே விட்டு வந்தனர். பொருள்களுக்கு இடமில்லை என்ற விதி நாம் வகுத்ததன்றோ? அந்நாற்காலி அவருக்குப் பொருளன்று, கால் என்பது தோணி ஓட்டியவர்களுக்கும் தோன்றவில்லை. விதி வகுத்த நமக்கும் தோன்றவில்லை. முகாமிலிருந்த நாள்கள் முழுவதும் அவர் ஒரு மூலையிற் பாயிலே கிடந்தார்.

மயக்கந் தெளிந்த அப்பெண்மணியிடம் நாம் வருத்தந் தெரிவித்தபோது அவர் கூறிய விடை இன்னும் நம் காதில் நிற்கிறது. “எல்லாருக்கும் தந்ததுதானே எனக்கும் தந்தீங்க சேர், குறை சொல்ல ஏலாது” என்றார் அவர். அவர் கூறியது முற்றிலும் உண்மை. நம்மிடம் குறை காண்பதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. நமது விதிகளின்படி அவருக்கு அநீதி எதுவும் நிகழவில்லை. அவ்வாறாயின் அவர் மயங்கி விழுந்தது எதனால்?

இது ஒரு முகாமின் கதை மாத்திரமாயின் நமது கவனக்குறைவு என்று கூறி முடித்துவிடலாம். அவ்வாறன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது காலியிலே அங்கவீனமுற்றோர் வாழ்ந்த இல்லமொன்றில் இருந்தவர்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011ஆம் ஆண்டு யப்பானின் வடகிழக்குக் கரையைப் பேரலை தாக்கியபோது, அங்கவீனமுற்றோரின் இறப்பு வீதம் ஏனையோரின் வீதத்தைப்போல ஏறத்தாழ இருமடங்காயிருந்ததென அந்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. 2013ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் அனர்த்த அபாயக் குறைப்பு அலுவலகம் பல நாடுகளிலுமுள்ள அங்கவீனமுற்றோரிடம் வினாவியபோது, அபாயம் நேருங்கால் இடர்ப்பாடின்றி உடனே வெளியேறக்கூடியவர்கள் தாம் என்று கூறியோர் ஐவரில் ஒருவரளவினரே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவருமான மக்களில் 8.7 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோவொரு வகையில் இயலாமையுடையோர். முப்பதாண்டுப் போர் நடந்த நமது மாகாணங்களில் கையோ காலோ கண்ணோ இழந்தவர் இல்லாத ஊர் உண்டோ? ஆகவே நாம் பேசுவது விதிவிலக்கான சிலரைப்பற்றியன்று.

வறுமையே இதற்கெல்லாம் காரணம், நாடு செழித்தால் இக்குறை தானே நீங்கும் என்று வாதிப்போர் உளர். வறுமை இக்குறையைப் பன்மடங்காக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதுவே முழுக் காரணமுமன்று. 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஜேர்மனியின் ஆர் நதி பெருக்கெடுத்த இரவிலே, சின்சிக் என்னும் நகரில் அங்கவீனமுற்றோர் இல்லமொன்றின் கீழ்த்தளத்தில் 12 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 2018ஆம் ஆண்டு யப்பானின் குராசிக்கி நகரைச் சேர்ந்த மாபி என்னும் பகுதியை ஆறு மூடியபோது மாண்ட 51 பேரிற் பெரும்பாலோர் முதியோர். அவர்களிற் பலர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே பிணமாகக் காணப்பட்டனர். மேற்றளத்துக்குச் செல்லும் படிகள் சில அடி தூரத்திலேயே இருந்தன. ஜேர்மனியும் யப்பானும் வறிய நாடுகளல்ல. செல்வம் இருந்தும், படியேற இயலாதவரை யார் மேலே கொண்டு செல்வார் என்ற கேள்விக்கு அங்கு உரிய வேளையில் விடை இருக்கவில்லை. பணத்தினால் மட்டும் தீராத ஒரு குறை இங்கே உளது. அது நாம் நீதியை விளங்கிக்கொண்ட முறையிலுள்ள குறை.

ஒரே அளவுகோலால் அனைவரையும் அளப்பதே நீதி என்பது நாம் பழகிவிட்ட எண்ணம். பிறப்பினாலும் செல்வாக்கினாலும் பங்கு கூடிக் குறைந்த ஒரு சமுதாயத்தில் இவ்வெண்ணம் பெரும் புரட்சியாகவே தோன்றியது. அதனை நாம் இழிவாகக் கருதலாகாது. முகாமில் வரிசை வகுத்தபோது நாம் எதிர்த்து நின்றது பழைய அநீதியையே. ஆனால் சமவுரிமை என்பதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1875ஆம் ஆண்டில் எழுதிய கோதா வேலைத்திட்ட விமர்சனத்திலே காட்டியிருக்கிறார். மனிதர் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்கள். வேறுபட்டவர்களை ஒரே அளவுகோலால் அளக்குமிடத்து அவர்களுடைய ஒரு பக்கத்தை மட்டுமே காண்கிறோம். மற்றப் பக்கங்கள் யாவும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. ஆகவே சமவுரிமை நடைமுறையிற் சமமின்மைக்குரிய உரிமையாகவே முடிகிறது என்பது அவரது வாதத்தின் சாரம். அவர் அங்கு பேசியது தொழிலாளர் பெறும் ஊதியத்தைப்பற்றி. நமது உலருணவுப் பொதிக்கும் அது பொருந்துகிறது. குடும்பத்தலைவர் என்ற ஒரு பக்கத்தை மட்டுமே நாம் கண்டோம். கால், செவி, முதுகெலும்பு ஆகியவை நமது பேரேட்டிலே இடம்பெறவில்லை.

அந்நூலிலே நம் விடயத்துக்கு நெருங்கிய மற்றொரு பகுதியும் உண்டு. சமுதாயத்தின் மொத்த உற்பத்தியைப் பங்கிடுவதற்கு முன்னரே சிலவற்றை ஒதுக்கிவைத்தல் வேண்டுமெனக் கூறும் மார்க்ஸ், இயற்கை அனர்த்தங்களுக்கான சேமநிதியையும், உழைக்க இயலாதோருக்கான நிதியையும் தனித்தனியே குறிப்பிடுகிறார். இரண்டும் பங்கீட்டுக்கு முந்திய கடமைகள். பங்கிட்டு மிஞ்சியதிலிருந்து இடும் பிச்சையல்ல. ஆயினும் இன்று நாம் அவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். அனர்த்தத்துக்கென ஒரு திணைக்களம், அங்கவீனமுற்றோருக்கென வேறொரு திணைக்களம் என்று பிரித்துவிட்டால், வெள்ளத்திலே அகப்பட்ட அங்கவீனர் இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறார். அன்றியும், தையற்காரியான அப்பெண்மணி உழைக்க இயலாதவரல்லர். தம் வீட்டில், தம் ஊன்றுகோலோடு, அவர் எவர் கையையும் எதிர்பார்த்தவரல்லர். அவரை இயலாதவராக்கியது ஊன்றுகோலின்றி அவரை மாடியில் ஏற்றி, மலசலகூடத்தை மைதானத்துக்கு அப்பால் வைத்த நமது ஏற்பாடு. இழந்த காலைப் போரின் கணக்கில் எழுதலாம். அம்மூன்று நாள்களையும் நமது கணக்கிலேயே எழுத வேண்டும்.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1979ஆம் ஆண்டில் ஆற்றிய ஒரு பேருரையில் ‘எதிலே சமத்துவம்?’ என்ற கேள்வியை எழுப்பினார். ஒரே அளவு பொருளைப் பெற்ற இருவரில், அங்கவீனமுற்ற ஒருவர் அதனைக்கொண்டு மற்றவர் செய்யக்கூடியதைச் செய்ய இயலாதிருக்கலாம். ஆதலாற் பொருளைச் சமமாக்குவதிற் பயனில்லை; அப்பொருளைக்கொண்டு மனிதர் எதைச் செய்யவும் எவ்வாறு வாழவும் இயலும் என்பதையே நோக்குதல் வேண்டும் என்றார் அவர். இது கடினமான தத்துவமன்று. ஐந்து கிலோ அரிசி, அதனைத் தூக்கிச் செல்ல இயலுபவருக்கு ஐந்து கிலோ அரிசி. இயலாதவருக்கு அது வரிசையின் முடிவிலே தரையில் வைக்கப்பட்ட ஒரு சுமை.

இனி, நமக்கு மறுப்பாகக் கூறப்படுவன சிலவற்றை நோக்குவோம். அவசர வேளையில் ஒவ்வொருவரின் தேவையையும் ஆராய்ந்துகொண்டிருக்க நேரமேது என்பர். வடகீழ்ப் பருவக்காற்று நேற்றுத் தொடங்கியதன்று. ஒக்டோபர் முதல் மார்கழி வரை மழை பெய்யும் என்பதும், எந்த ஊர் மூழ்கும் என்பதும், எந்தப் பாடசாலை முகாமாகும் என்பதும் ஊரார் எல்லோருக்கும் தெரிந்தவை. நேரம் இல்லாதிருப்பது வெள்ளம் வந்த பின்னரே. அதற்கு முன் எட்டு மாதங்கள் இருக்கின்றன.

வீட்டார் பார்த்துக்கொள்வர் என்பர் சிலர். வீட்டாரும் அதே நீரில் நிற்பவர்களே. வீட்டார் என்று நாம் கூறுவது பெரும்பாலும் தாயை அல்லது தமக்கையை. குழந்தையையும் முதியவரையும் அடுப்பையும் ஏற்கனவே சுமந்துகொண்டிருக்கும் அதே பெண்ணை. வீட்டாரே இல்லாதவரின் நிலையையோ சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது. சிலருக்கு முதலிடமும் மிகுதியும் கொடுத்தால் ஏனையோர் முணுமுணுப்பர். வேண்டியவருக்குச் சலுகை காட்டினர் என்ற பழி வரும். அப்பழியைத் தவிர்ப்பதற்காகவே ஒரே அளவு என்ற விதி வேண்டியதாகிறது என்பர். நாமும் இவ்வாறே எண்ணினோம். ஆனால் சலுகைக்கும் நீதிக்கும் இடையே அடையாளங்காணக்கூடிய வேறுபாடு ஒன்று உண்டு. சலுகைக்கு வெளிப்படையான காரணம் இராது. நீதிக்கு அதனைப் பலர் முன்னிலையிலே கூறமுடியும். அப்பெண்மணிக்கு மலசலகூடத்துக்கு அண்மையிலுள்ள கீழ்த்தள அறையை ஏன் கொடுத்தோம் என்று கேட்டிருந்தால், முகாம் முழுவதற்கும் ஒலிபெருக்கியிலேயே விடை சொல்லியிருக்கலாம். ஊன்றுகோல் இழந்த ஒருத்திமேற் பொறாமை கொள்ளுமளவுக்கு நம் மக்கள் இழிந்தவர்களல்லர். அவர்களுடைய முணுமுணுப்புக்கு நாம் அஞ்சியது, அவர்களை நாம் அறியாததனாலேயாம்.

சட்டம் இல்லை என்று கூறவும் இயலாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க ஆக்கப்பட்டது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் நுழைவதற்கேற்ற வசதி செய்ய வேண்டுமென 2006ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகள் விதிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 11ஆம் உறுப்புரை, போரிலும் இயற்கை அனர்த்தங்களிலும் அங்கவீனமுற்றோரைப் பாதுகாப்பது அரசுகளின் கடமை என்கிறது. எனினும் முகாம்களாகும் பாடசாலைகளில் எத்தனைக்குச் சாய்தளம் உண்டு? வாசகராகிய ஆசிரியர்கள் தத்தம் பாடசாலை வாயிலை ஒருமுறை நோக்கினால் போதும், விடை கிடைத்துவிடும்.

பெயர்களை மாற்றுவதில் நாம் சோர்வடையவில்லை. அங்கவீனர் என்றோம்; வலுவிழந்தோர் என்றோம்; விசேட தேவையுடையோர் என்றோம்; இப்போது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். மனிதரைப் புண்படுத்தாத பெயர் வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் படிக்கட்டு அங்கேயே இருந்தது. சக்கர நாற்காலி வழங்கும் வைபவங்களும் குறைவின்றி நடைபெறுகின்றன. மாலையும் மேடையும் புகைப்படமும் உண்டு. வழங்கிய அதே நாற்காலியை வெள்ள நாளில் தோணியில் ஏற்ற இடமில்லை. இரக்கம் தான் கொடுத்ததைக் கொடுத்த நாளிலேயே மறந்துவிட உரிமையுடையது. கடமைக்கு அவ்வுரிமை இல்லை. இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட வேண்டியதில்லை.

யப்பானியர் தம் இழப்பிலிருந்து ஒரு பாடம் கற்றனர். வெளியேறுவதற்கு உதவி தேவைப்படுவோரின் பட்டியலை ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றமும் வைத்திருத்தல் வேண்டுமென 2013ஆம் ஆண்டில் தமது சட்டத்தைத் திருத்தினர். எனினும் மாபி வெள்ளம் அதற்குப் பிந்தியது. பட்டியலிற் பெயர் இருப்பதனால் மட்டும் எவரும் படியேறிவிடுவதில்லை என்பதை அது காட்டிற்று. இன்னாரை இன்னார், இவ்வழியாக, இவ்விடத்துக்கு அழைத்துச் செல்வர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டம் வகுக்க முயல வேண்டுமென 2021ஆம் ஆண்டில் மீண்டும் சட்டத்தைத் திருத்தினர். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இவ்வேலையைச் செய்வதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. ஒரு கொப்பியும், சில மாலைப்பொழுதுகளும், வீடு வீடாகச் செல்லக்கூடிய மாணவர் சிலரும் போதும்.

ஓராண்டின் பின், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாட்டை உலுக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், நம் மாணவரோடு அத்தகைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருந்தோம். அப்பெண்மணியின் வீட்டுக்கும் சென்றோம். புதிய ஊன்றுகோல்களைச் சுவரிற் சாய்த்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். பெயர், வயது, அங்கவீனத்தின் தன்மை என்று நாம் கோடிட்டு வைத்திருந்த பக்கத்தை வாங்கிப் பார்த்தார். “பேரை எழுதுங்க சேர், ஏலாதவ எண்டு எழுதாதீங்க. எனக்கு என்ன வேணும் எண்டு எழுதுங்க” என்றார்.

நமது இரண்டாவது தவற்றை அவர் திருத்தினார். முதல்முறை அவர் யாரென்று பாராமலே பங்கிட்டோம். இரண்டாம்முறை அவரிடம் இல்லாதது எதுவென்று குறித்துக்கொள்ளப் புறப்பட்டோம். இரண்டிலும் அவரை நாம் எதுவும் கேட்கவில்லை. தேவைக்கேற்பக் கொடுத்தல் என்ற இலட்சியத்தை நாம் நெடுங்காலமாக உச்சரித்து வருகிறோம். தேவையை அறிந்தவர் தேவையுடையவரே என்பதையும், அவரைக் கேளாது செய்யும் பங்கீடு எத்துணைச் சமமாயினும் நீதியாகாது என்பதையும் அவ்விலட்சியத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். அக்கொப்பியில் மூன்றாவது நிரலின் தலைப்பை அன்றே வெட்டிவிட்டு, ‘வேண்டியது’ என மாற்றி எழுதினோம். அவருடைய பெயருக்கு நேரே எழுதப்பட்டவை இவை: கீழ்த்தள அறை, அண்மையில் மலசலகூடம், ஊன்றுகோல்களுக்குத் தோணியில் இடம், தூக்க வேண்டி வந்தால் பெண்கள் இருவர்.

இந்நான்கிற்கும் ஆகும் செலவு யாது? வரும் மாரிக்கு முன்னர் தத்தம் ஊரிலே இக்கணக்கைப் பார்க்குமாறு ஆசிரியரையும் மாணவரையும் வேண்டுகிறோம்.